வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல் ஃபைலோடு செல்களை இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலை பக்கம் கடைகளிலும் சின்ன ஆலைகளிலும் கணக்கு பார்ப்பவர்கள் இந்த விஷயத்தில் ஒரே சந்தேகங்களைத்தான் மாறி மாறிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

பதில் முழுக்க ஒரே உதாரணம்தான்: ஒரு ரப்பர் ஷீட் கடை. முதலாளி மேசையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் "விலை" ஃபைல். காலையில் ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 (இரண்டும் ரப்பர் ஷீட்டின் தரங்கள்), ஒட்டுப்பால் (உறைந்துபோன ரப்பர் பால்) ஆகியவற்றின் அன்றைய விலையை அவர் அதில் மாற்றுவார். தராசுப் பக்கம் இன்னொரு கம்ப்யூட்டர், அதில் "பில்" ஃபைல். பில் ஃபைல் விலையை முதலாளி ஃபைலிலிருந்து எடுக்க வேண்டும். பத்து இருபது ஷீட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருகிற சிறு விவசாயிக்குப் பழைய விலையில் பில் போட்டால் நஷ்டம் அவர் கையில்தான் விழும். இந்தச் சின்ன விஷயத்தை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் அதுதான்.

"லிங்க்னா என்ன? காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணினா போதாதா?"

காப்பி பேஸ்ட் செய்தால் அந்த நேரத்து எண் மட்டும் வந்து உட்காரும். மூல ஃபைலில் விலை மாறினாலும் இங்கே மாறாது. லிங்க் என்றால் பில் ஃபைலின் செல்லில் எண் இருக்காது, "அந்த ஃபைலில் அந்த ஷீட்டில் அந்தச் செல்லைப் பார்" என்ற ஃபார்முலா இருக்கும். விலையை ஒரே ஒருவர் ஒரே ஒரு இடத்தில் தட்டினால் போதும். இரண்டு பேர் இரண்டு இடத்தில் தட்டும்போது வருகிற தப்புகள் அதோடு போய்விடும்.

"எனக்கு ஃபார்முலா எல்லாம் எழுதத் தெரியாது. எப்படி லிங்க் போடுறது?"

எழுத வேண்டாம். இரண்டு ஃபைலையும் ஒரே கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளுங்கள். பில் ஃபைலில் விலை வர வேண்டிய செல்லில் சமக்குறி போடுங்கள், அப்படியே விலை ஃபைலுக்குப் போய் ஆர்எஸ்எஸ் 4 விலை இருக்கும் செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான். நிறையச் செல்கள் என்றால் அங்கே காப்பி செய்து, இங்கே பேஸ்ட் ஸ்பெஷலில் பேஸ்ட் லிங்க் கொடுக்கலாம்.

சமக்குறி போட்டுக் கிளிக் செய்யும் முறையில் டாலர் குறியோடு வரும், அதாவது கீழே இழுத்தாலும் அதே செல்லையே பிடித்துக்கொண்டிருக்கும். பட்டியலாக இழுக்க வேண்டும் என்றால் எஃப்4 விசையைத் தட்டி டாலரை எடுத்துவிடுங்கள். மூல ஃபைலை மூடியதும் ஃபார்முலா நீளமாகி, ஃபைல் இருக்கிற முழு வழியும் தெரியும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

"இன்னொரு கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைலை இங்கிருந்து எப்படித் திறக்கிறது? அதுக்கு நெட் வேணுமா?"

இன்டர்நெட் வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில், கேபிளிலோ வைஃபையிலோ, இணைந்திருந்தால் போதும். வெளியிலிருந்து வரும் நெட் கேபிள் கட் ஆன நாளிலும் இது ஓடும்.

முதலாளி கம்ப்யூட்டரில் "கணக்கு" என்று தனி ஃபோல்டர் ஒன்று போட்டு, விலை ஃபைலை அதில் வைத்து, அந்த ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்யுங்கள். முழு டி டிரைவையும் ஷேர் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் நெட்வொர்க் வகை பிரைவேட் என்று இருக்க வேண்டும். தராசுப் பக்கத்துக்கென்று முதலாளி கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் உருவாக்கி, அவருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். லிங்க் எடுக்க அது போதும். பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்துவிடும் பழைய வழக்கம் புதிய விண்டோஸ் 11-இல் பெரும்பாலும் வேலை செய்யாது, செய்தாலும் வேண்டாம்.

"எங்க கடையில இசட் டிரைவ்னு ஒண்ணு வச்சிருக்கு. அதுல இருந்து லிங்க் போடலாமா?"

போடலாம், ஆனால் நான் போடச் சொல்வதில்லை. இசட் என்பது உங்கள் கம்ப்யூட்டர் அந்த ஃபோல்டருக்கு வைத்துக்கொண்ட பெயர். பக்கத்துக் கம்ப்யூட்டரில் அதே ஃபோல்டர் ஒய் டிரைவாக இருக்கலாம், இல்லாமலே இருக்கலாம். பில் ஃபைலை அங்கே கொண்டுபோய்த் திறந்தால் லிங்க் தடுமாறும்.

அதற்குப் பதிலாக நெட்வொர்க் வழியையே பயன்படுத்துங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரின் மேல் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு முதலாளி கம்ப்யூட்டரின் பெயரைத் தட்டினால் ஷேர் செய்த ஃபோல்டர்கள் வரும். அங்கிருந்து விலை ஃபைலைத் திறந்து லிங்க் போட்டால், மூடியபின் ஃபார்முலா இந்த அமைப்பில் இருக்கும்:

`='\\கணினிப்பெயர்\ஃபோல்டர்\[ஃபைல்பெயர்]ஷீட்பெயர்'!$பி$2`

கடையில் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் இந்த வழி ஒன்றுதான். கம்ப்யூட்டர் பெயருக்குப் பதில் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் முகவரி எண்ணை, போடுகிறவர்கள் உண்டு. ரவுட்டரை அணைத்துப் போடும்போது அந்த எண் மாறிவிடலாம், அதனால் பெயரே நல்லது.

"பில் ஃபைலைத் திறந்ததும் எச்சரிக்கை வருது. அப்டேட் கொடுக்கவா, வேண்டாம்னு சொல்லவா?"

உங்கள் கடை ஃபைல்தான் என்றால் அப்டேட் கொடுங்கள். மஞ்சள் பட்டையாக வந்தால் எனேபிள் கன்டென்ட். வேண்டாம் என்று சொன்னால் கடைசியாக எடுத்த பழைய எண்ணே நிற்கும். காலையில் அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டு நாள் முழுக்கப் பழைய விலையில் பில் போடுவது அடிக்கடி நடக்கிறது. வெளியிலிருந்து மெயிலில் வந்த, யாருடையது என்று தெரியாத ஃபைல் இதே கேள்வியைக் கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"அண்ணாச்சி விலையை மாத்திட்டேன்னு சொல்றாரு, எனக்குப் பழசுதான் காட்டுது. லிங்க் அறுந்து போச்சா?"

எனக்கு அதிகமாக வருகிற கேள்வி இதுதான். அறுந்து போகவில்லை. இரண்டு ஃபைலும் ஒரே கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் அங்கே மாற்றியதும் இங்கே மாறும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் நெட்வொர்க்கிலும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். நடக்காது. வேறு கம்ப்யூட்டரில் இருந்து லிங்க் எடுக்கும்போது எக்செல் பார்ப்பது டிஸ்கில் சேவ் ஆகியிருக்கும் ஃபைலை. முதலாளி திரையில் புது விலை தெரியும். ஆனால் அவர் சேவ் செய்யாதவரை உங்களுக்குப் பழைய விலைதான்.

அவர் சேவ் செய்த பிறகும் உங்கள் பக்கம் தானாக மாறாது. பில் ஃபைலை மூடித் திறந்து அப்டேட் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டேட்டா மெனுவில் எடிட் லிங்க்ஸ் போய் அப்டேட் வேல்யூஸ் தட்ட வேண்டும் (புதிய எக்செல்லில் வொர்க்புக் லிங்க்ஸ், ரெஃப்ரெஷ்). ஆக அங்கே சேவ், இங்கே அப்டேட். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் பழைய விலை. நடுப்பகலில் விலை மாறினால் முதலாளி ஒரு குரல் கொடுக்கிற வழக்கத்தை விடாதீர்கள்.

இதற்கு ஒரு காவல் வைக்கலாம், எல்லாக் கடைக்கும் நான் இதைப் போடச் சொல்கிறேன். விலை ஃபைலில் விலைக்குப் பக்கத்துச் செல்லில் விலை மாற்றிய தேதியையும் போடச் சொல்லுங்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அரைப்புள்ளி தட்டினால் இன்றைய தேதி விழும். டுடே ஃபங்ஷனை அங்கே போடாதீர்கள். அது விலையை மாற்றாவிட்டாலும் இன்றைய தேதியைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தேதிச் செல்லையும் பில் ஃபைலுக்கு லிங்க் எடுங்கள். இப்போது பில் பக்கத்தில் இஃப் ஃபங்ஷனில் டுடேயோடு ஒப்பிட்டு, தேதி இன்றைக்கு இல்லையென்றால் "விலை பழசு" என்று சிவப்பில் பெரிதாக வரும்படி செய்யுங்கள். பில் போடுகிற பிள்ளை அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது.

"முதலாளி வரலை, அவர் கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கு. அன்னைக்கு பில்லே போட முடியாதா?"

போடலாம். கடைசியாக அப்டேட் ஆன எண் பில் ஃபைலுக்குள்ளேயே சேமிப்பில் இருக்கும். மூல ஃபைல் கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி வரும், கன்டினியூ கொடுத்தால் பழைய எண்ணோடு திறக்கும். மேலே சொன்ன தேதிக் காவல் இருந்தால் சிவப்பு எழுத்து வந்துவிடும். அன்றைய விலையைப் போனில் கேட்டு, லிங்க் இருக்கும் செல்லைத் தொடாமல், பக்கத்தில் "இன்றைய கை விலை" என்று ஒரு செல் வைத்து அதில் போடுங்கள். லிங்க் மேலேயே எண்ணைத் தட்டிவிட்டால் ஃபார்முலா போய்விடும், நாளைக்கும் அதே எண் நிற்கும், யாருக்கும் தெரியாது.

ஆஃப் செய்யாமலேயே இது நடந்தால் முதலாளி கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போயிருக்கும். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நெவர் என்று மாற்றுங்கள், திரை மட்டும் அணையட்டும். ரவுட்டருக்கும் யுபிஎஸ் இணைப்பு கொடுங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு ரவுட்டரை மறந்த கடைகள்தான் அதிகம்.

"பில் பக்கத்துல இருக்கிற ஆள் விலையை மாத்திட முடியுமா? நான் லிங்க் எடுத்தா அவர் ஃபைல் லாக் ஆகுமா?"

லிங்க் ஒரு வழிதான். விலை ஃபைலிலிருந்து பில் ஃபைலுக்கு வரும், திரும்பிப் போகாது. லிங்க் அப்டேட் ஆகும்போது எக்செல் ஃபைலைப் படித்துவிட்டு விட்டுவிடும், லாக் ஆகாது.

ஆனால் எழுதும் உரிமை உள்ள ஒருவர் தராசுப் பக்கம் அமர்ந்து விலை ஃபைலையே திறந்து வைத்திருந்தால், முதலாளி திறக்கும்போது ரீட் ஒன்லி என்று வரும். விலையை மாற்றி சேவ் கொடுத்தால் வேறு பெயர் கேட்கும். அவரும் "விலை புதுசு" என்று ஒரு பெயர் வைத்துவிடுவார். அன்றிலிருந்து இரண்டு விலை ஃபைல், எல்லாக் குழப்பமும் அங்கே தொடங்கும். முதலில் சொன்னபடி படிக்கும் உரிமை மட்டும் கொடுத்திருந்தால் இது வராது.

"காலியா இருக்கிற செல்லுக்கு 0ன்னு காட்டுது."

எக்செல்லின் வழக்கம் அது. இஃப் போட்டு, மூலச் செல் காலி என்றால் காலியாகவே காட்டு என்று எழுதிவிடுங்கள். விலைச் செல்லில் பூஜ்யம் வந்தால் பில் தொகையும் பூஜ்யமாகிவிடும் என்பதால் இதைச் சும்மா விட வேண்டாம்.

"விலை ஃபைல்ல நடுவுல ஒரு வரி சேர்த்தாங்க. இப்ப ஆர்எஸ்எஸ் 4 இடத்துல வேற விலை வருது!"

அதே கம்ப்யூட்டரில் பில் ஃபைல் திறந்திருக்காத நேரத்தில் அந்த வரியைச் சேர்த்திருப்பார்கள். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் ஒன்றாகத் திறந்திருந்தால் லிங்க் நகர்ந்து சரியாகிவிடும். இல்லையென்றால் பில் ஃபைலுக்கு ஒன்றும் தெரியாது. பி2 என்று எழுதியிருந்தால் பி2-இல் என்ன இருக்கிறதோ அதைத்தான் கொண்டுவரும். அகரவரிசைப்படி சார்ட் செய்தாலும் இதேதான். பிழைச் செய்தி எதுவும் வராது, தப்பான விலை சரியான விலை போலவே நிற்கும். அதனால்தான் இது ஆபத்து.

சரியான வழி, செல்லுக்குப் பெயர் வைப்பது. விலை ஃபைலில் அந்தச் செல்லைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பட்டைக்கு இடதுபக்கம் இருக்கும் பெட்டியில் ஒரு பெயர் தட்டி என்டர் கொடுங்கள். பிறகு லிங்க்கில் பி2-க்குப் பதில் அந்தப் பெயரைப் போடுங்கள். நடுவில் வரி சேர்த்தாலும் பெயர் கூடவே போகும், ஆனால் சார்ட் செய்தால் போகாது. நிறையப் பொருள் இருந்தாலோ சார்ட் செய்யும் வழக்கம் இருந்தாலோ விலுக்கப் (VLOOKUP) ஃபங்ஷன் போட்டு, பொருளின் பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள். கடைசி இடத்தில் ஃபால்ஸ் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஏதோ ஒன்றை எடுத்துவிடும்.

"ரெண்டும் திறந்திருந்தா மொத்தம் சரியா வருது. அந்த ஃபைலை மூடினா வேல்யூ எரர் வருது. ஏன்?"

சம்இஃப், சம்இஃப்ஸ், கவுன்ட்இஃப், ஆஃப்செட் ஆகிய ஃபங்ஷன்கள் மூடியிருக்கும் ஃபைலில் கணக்குப் போடாது. இண்டைரக்ட்டும் அப்படித்தான், அது ரெஃப் எரர் காட்டும். விலுக்கப், இண்டெக்ஸ், மேட்ச், சம்ப்ராடக்ட் ஆகியவை மூடிய ஃபைலிலும் ஓடும். சம்இஃப் வேண்டிய இடத்தில் சம்ப்ராடக்ட் எழுதலாம். என்னைக் கேட்டால், மொத்தத்தை மூல ஃபைலிலேயே போட்டுவிட்டு, விடை வரும் ஒரு செல்லை மட்டும் லிங்க் எடுப்பது இன்னும் நல்லது.

"விவசாயிங்க பேர் எல்லாம் கிறுக்கல் மாதிரி இங்கிலீஷ் எழுத்தா வருது."

மூல ஃபைலில் பெயர்களைப் பாமினி, வானவில் மாதிரிப் பழைய ஃபான்டில் அடித்திருப்பார்கள். அந்த ஃபான்டுகளில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துகளும் குறிகளும்தான், ஃபான்ட் அதைத் தமிழாகக் காட்டுகிறது. லிங்க் கொண்டுவருவது செல்லில் உள்ளதை மட்டும். ஃபான்ட், கலர், கட்டம் எதுவும் வராது. இங்கேயும் அதே ஃபான்டை வைத்தால் தமிழாகத் தெரியும், ஆனால் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் மறுபடியும் கிறுக்கல். மூலப் பட்டியலை ஒருமுறை யூனிகோடுக்கு (எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறைக்கு) மாற்றிவிடுங்கள். பெயரை வைத்துத் தேடுவதும் அப்போதுதான் ஒழுங்காக நடக்கும்.

சில நேரம் தேதி 45444 என்பது போல எண்ணாக வருவதற்கும் காரணம், லிங்க் செல்லின் தோற்றத்தைக் கொண்டுவராததுதான். எக்செல்லுக்குள் தேதி ஒரு எண், 45444 என்றால் 1.6.2024. செல்லுக்குத் தேதி ஃபார்மட் கொடுத்தால் சரியாகிவிடும்.

"கம்ப்யூட்டரை மாத்தினோம், எல்லா லிங்க்கும் போச்சு."

எடிட் லிங்க்ஸில் சேஞ்ச் சோர்ஸ் கொடுத்து, புது இடத்தில் இருக்கும் ஃபைலைக் காட்டுங்கள். அந்த ஃபைலுக்குப் போகிற எல்லா லிங்க்கும் ஒரே அடியில் மாறும், ஒவ்வொரு செல்லாகத் திருத்த வேண்டாம். புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய கம்ப்யூட்டரின் பெயரையே வைத்து, ஃபோல்டரையும் அதே பெயரில் ஷேர் செய்தால் இந்த வேலையும் இல்லை.

"ஜூன் விலை ஃபைலை சேவ் ஆஸ் போட்டு ஜூலைன்னு மாத்தினேன். இப்ப ஜூன் பில்லும் ஜூலை விலையைக் காட்டுது."

சேவ் ஆஸ் கொடுத்தபோது அதே கம்ப்யூட்டரில் ஜூன் பில் ஃபைலும் திறந்திருக்கும். அப்படி இருந்தால் லிங்க் புதுப் பெயரின் பின்னால் போய்விடும். மூடியிருந்தால் பழைய பெயரிலேயே நிற்கும். ஆக, திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதைப் பொறுத்து விடை மாறும். இப்படி ஒரு விஷயத்தை நம்பிக் கணக்கு வைக்கக் கூடாது.

மூல ஃபைலுக்கு மாதப் பெயரே வேண்டாம். அது என்றைக்கும் "விலை"தான். மாதம் முடிந்ததும் எக்செல்லை மூடிவிட்டு, ஃபைல் எக்ஸ்புளோரரில் காப்பி எடுத்து, "விலை ஜூன்" என்று பழைய கணக்கு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். முடிந்த மாத பில் ஃபைலிலும் ஒரு காப்பி எடுத்து அதில் பிரேக் லிங்க் கொடுத்துவிட்டால் எண்கள் அப்படியே உறைந்துவிடும். பிரேக் லிங்க் கொடுத்தால் திரும்ப எடுக்க முடியாது, அதனால் காப்பியில் மட்டும்.

"மார்த்தாண்டத்துல கடை, நாகர்கோவில்ல கிளை. ரெண்டையும் இப்படி இணைக்கலாமா?"

இதுவரை சொன்னது ஒரே ரவுட்டருக்குள். ஊர் விட்டு ஊர் என்றால் ரவுட்டரில் ஃபைல் பகிர்வுக்கான 445 என்ற போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) வெளியே திறந்துவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்கிய வானாக்ரை வைரஸ், விண்டோஸின் ஃபைல் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அந்தப் போர்ட்டில் பரவியது. விபிஎன் (இன்டர்நெட் வழியே போடும் பாதுகாப்பான தனி வழி) போட்டு இரண்டு கடையையும் இணைக்கலாம், அதைத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

பத்துப் பதினைந்து விலைகள் மட்டும்தான் என்றால் கூகுள் ஷீட்ஸ் எளிது. அதில் இம்போர்ட்ரேஞ்ச் என்ற ஃபங்ஷன் வேறு ஷீட்டிலிருந்து எண்ணைக் கொண்டுவரும். முதல்முறை அலோ ஆக்சஸ் என்று கேட்கும், அதுவரை ரெஃப் எரர் நிற்கும். இங்கே கட்டாயம் நெட் வேண்டும்.

"கிளை ஃபைல்ல இருந்து மொத்த ஃபைலுக்கு, அதுல இருந்து முதலாளி ஃபைலுக்கு லிங்க் போட்டிருக்கோம். முதலாளிக்கு மட்டும் பழைய எண் வருது."

சங்கிலி லிங்க்கில் இது வந்தே தீரும். முதலாளி ஃபைல் அப்டேட் ஆகும்போது மொத்த ஃபைலில் சேவ் ஆன எண்ணை மட்டும் பார்க்கும், அதற்குப் பின்னால் இருக்கும் கிளை ஃபைலைப் பார்க்காது. முதலில் மொத்த ஃபைலைத் திறந்து அப்டேட் செய்து சேவ் செய்தால்தான் முதலாளிக்குப் புது எண் போகும். ஒரு படிக்கு மேல் லிங்க் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிளைகள் நிறைய என்றால் எக்செல்லிலேயே இருக்கும் பவர் கொய்ரியில் ஃப்ரம் ஃபோல்டர் கொடுத்து, எல்லாக் கிளை ஃபைலையும் ஒரே பட்டியலாக்கிக்கொள்ளுங்கள்.

"ஆடிட்டருக்கு அனுப்பும்போது அவருக்கு எங்க விலை ஃபைல் முழுக்கத் தெரியுமா?"

தெரிய வாய்ப்பு உண்டு. முன்பு சொன்னேனே, கடைசி எண் பில் ஃபைலுக்குள்ளேயே சேமிப்பில் இருக்கும் என்று. விலுக்கப்பில் ஒரு முழு அட்டவணையைக் காட்டியிருந்தால், திரையில் தெரியாவிட்டாலும் அந்த அட்டவணை முழுக்க ஃபைலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒரே அட்டவணையில் இருந்தால் இரண்டும் போகும். வெளியே யாருக்கு அனுப்பினாலும் காப்பி எடுத்து, பிரேக் லிங்க் கொடுத்து அனுப்புங்கள்.

"எல்லா லிங்க்கையும் எடுத்துட்டேன். ஆனாலும் திறக்கும்போது அப்டேட் பண்ணவான்னு கேக்குது!"

எங்கேயோ ஒன்று ஒளிந்திருக்கிறது. கன்ட்ரோல் எஃப் தட்டி, வொர்க்புக் முழுக்க, ஃபார்முலாக்களில் சதுர அடைப்புக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் ஃபார்முலாஸ் மெனுவில் நேம் மேனேஜரைத் திறந்து, பழைய ஃபைலைக் காட்டும் பெயர்களை நீக்குங்கள். வேறு ஃபைலிலிருந்து ஷீட்டை அப்படியே காப்பி செய்து கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். அங்கும் இல்லையென்றால் கண்டிஷனல் ஃபார்மட்டிங், டேட்டா வேலிடேஷன், சார்ட்டின் எண் வரம்பு, பட்டன்களுக்குக் கொடுத்த மேக்ரோ என்று இந்த வரிசையில் பாருங்கள். மறைத்து வைத்த ஷீட்டுகளை முதலில் அன்ஹைட் செய்துவிட்டுத் தேடுங்கள்.